ஒரு டம்ளர் தண்ணீரின் கணக்கு

கனடாவின் பான்ஃப் நகரிலிருந்து ஆண்டுதோறும் ஜூன் மாத இரண்டாம் வெள்ளிக்கிழமை ஒரு சைக்கிள் கூட்டம் தெற்கு நோக்கிக் கிளம்புகிறது. ராக்கி மலைத்தொடரை ஒட்டியே இறங்கி, மண் சாலையும் சரளைப் பாதையுமாகச் சுமார் 4,400 கிலோமீட்டர் மிதித்து, மெக்சிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ் சோதனைச்சாவடியைத் தொட்டால் முடிந்தது. டூர் டிவைட் என்று பெயர். பரிசுப் பணம் இல்லை, பின்னால் உதவி வண்டி வராது, இரவிலும் கடிகாரம் நிற்காது. 2016இல் பிரிட்டன்காரர் மைக் ஹால் 14 நாள் நிறைவதற்குள் முடித்துவிட்டார். அந்த வேகத்தில் போகிறவர்களுக்குத் தூக்கம் என்பது சில மணி நேரம்தான். அதற்காக இருட்டில் கூடாரம் அடித்து, விடியுமுன் ஈரத்தோடு பிரித்துச் சுருட்ட யாருக்கு மனம் வரும்? வேகத்துக்கு ஆசைப்படுகிறவர்களில் பலர் பிவி பையோடு போகிறார்கள்.

பிவி பை என்பது உறக்கப் பையின் மேல் மாட்டும் உறை, அவ்வளவுதான். அடிப்பக்கம் நீர் புகாத நைலான், மேல்பக்கம் காற்றை மட்டுமோ மழையையும் சேர்த்தோ தடுக்கும் துணி, தலைமாட்டில் ஒரு திறப்பு, சிலவற்றில் கொசுவலை. பெரும்பாலானவற்றில் கம்பும் இல்லை, முளையும் இல்லை. எடை 150 கிராமில் தொடங்கி ஒரு கிலோ வரை போகிறது. எதை வாங்குவது என்று கேட்டால் விற்பவர்கள் இரண்டு எண்களைக் காட்டுவார்கள்: துணி எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரைத் தாங்கும், ஒரு நாளில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும். முதல் எண்ணில் விஷயம் இருக்கிறது. இரண்டாவது எண்ணை நம்பிப் பை வாங்குவது வீண் என்பது என் கட்சி. கணக்குப் போட்டே காட்டலாம்.

தூங்கும் உடம்பு சும்மா இருப்பதில்லை. வியர்ப்பதே தெரியாத அளவில், தோல் வழியே மணிக்குச் சுமார் 15 முதல் 20 கிராம் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. மூச்சு வேறு கணக்கு. ஓய்வில் ஒரு மணி நேரத்துக்கு 360 லிட்டர் போலக் காற்று நுரையீரலுக்குப் போய்வருகிறது. குளிர்ந்து உள்ளே போகும் அந்தக் காற்று, ஏறக்குறைய 34 டிகிரி சூட்டில் ஈரம் நிறைந்து வெளியே வருகிறது. அதில் மணிக்கு 11 கிராம் அளவுக்கு நீர் கழிகிறது. எட்டு மணி நேரத் தூக்கத்தில் இரண்டும் சேர்ந்து 200 மில்லிக்கு மேல். ஒரு டம்ளர் நிறைய.

வீட்டில் இதை யாரும் கவனிப்பதில்லை. அறைக்காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். பைக்குள் படுத்தவருக்கு அந்தத் தண்ணீர் போக மூன்று வழிதான் உண்டு. துணியை ஊடுருவி வெளியேறலாம். திறப்பின் வழியாக வெளியேறலாம். இரண்டும் முடியாவிட்டால் துணியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, உறக்கப் பையின் இறகுக்குள் இறங்கும். வாத்தின் மென்தூவி சூடு காப்பது தனக்குள் அடைத்து வைத்திருக்கும் காற்றால். நனைந்து ஒட்டிக்கொண்டால் காற்றும் போயிற்று, சூடும் போயிற்று.

இதன் உச்சத்தைப் பார்த்தவர்கள் அண்டார்டிகாவில் இருந்தார்கள். 1911இன் நடுக்குளிர்காலத்தில் வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் என்ற மூன்று ஆய்வுப் பயணிகள் பேரரசப் பெங்குவின் முட்டைகளைத் தேடி கேப் இவான்ஸிலிருந்து கேப் குரோசியருக்குச் சறுக்குவண்டி இழுத்துப் போனார்கள். ஒவ்வொரு இரவும் உடம்பிலிருந்தும் மூச்சிலிருந்தும் வந்த ஈரம் மான்தோல் உறக்கப் பைகளுக்குள்ளேயே உறைந்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் நாள் ஆக ஆகப் பைகள் பனிக்கட்டி கலந்த பலகைகளாகி, இரவில் உள்ளே நுழைவதே பெரும்பாடானது. திரும்பி வந்தபோது அவற்றின் எடை பல கிலோ கூடியிருந்தது. அத்தனையும் அவர்கள் உடம்பு விட்ட தண்ணீர்.

நீரைத் தடுத்து நீராவியை விடும் துணி அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. டெஃப்லான் என்று நாம் தோசைக்கல்லில் பார்க்கிற அதே பொருள்தான் மூலம். 1938இல் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது. 1969இல் அமெரிக்காவின் பாப் கோர் அதன் தண்டுகளைச் சூடாக்கி இழுத்து நீட்டப் பார்த்தார். மெல்ல இழுத்தபோதெல்லாம் அறுந்தது. பொறுமை இழந்து ஒரு தண்டை வெடுக்கென்று இழுத்தார். பத்து மடங்கு போல நீண்டு, உள்ளே காற்று நிறைந்த மெல்லிய வலைப்பின்னலாகிவிட்டது. அதன் நுண்துளைகள் நீர்த்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை, நீராவி மூலக்கூறைவிடச் சுமார் 700 மடங்கு பெரியவை என்பது கோர் நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. 1970களின் நடுவில் சியாட்டிலின் ஏர்லி வின்டர்ஸ் நிறுவனம் கோர்-டெக்ஸ் துணியில் கூடாரம் தைத்து விற்றது. ரெயின்கோட்டும் பிவி பையும் பின்தொடர்ந்தன.

கேட்க அழகான கதை. ஒரு சிக்கல் வந்தது. உடம்பின் எண்ணெய்ப் பசை துளைகளில் ஏறியதும் ஆரம்பகாலத் துணிகள் ஒழுக ஆரம்பித்தன. அதைத் தடுக்க உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு ஒன்றைச் சேர்த்தார்கள். பூச்சில் துளையே கிடையாது. நீர் மூலக்கூறு அதற்குள் கரைந்து, ஊர்ந்து, மறுபக்கம் ஆவியாக வேண்டும். ஆகவே 20,000 மடங்கு, 700 மடங்கு என்ற எண்களால் நமக்கு அதிகம் ஆகப்போவதில்லை. துளை வழியோ பூச்சு வழியோ, நீராவியை வெளியே தள்ளுவது ஒன்றே ஒன்று: உள்ளே இருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். வித்தியாசம் இல்லையென்றால் எந்த விலைத் துணியும் சும்மாதான் கிடக்கும்.

துணியின் ஆவித் தடையை அளக்க ஐ.எஸ்.ஓ. 11092 என்று ஒரு சோதனை இருக்கிறது. 35 டிகிரி சூட்டில் வியர்க்கும் ஒரு தகட்டின் மேல் துணியைப் போர்த்துவார்கள். சுற்றியுள்ள காற்றும் 35 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு. அந்த நிலையில் துணியின் இரு பக்கத்துக்கும் இடையே ஆவி அழுத்த வித்தியாசம் சுமார் 3,370 பாஸ்கல். நல்ல மழைத்துணி ஒன்றின் தடை 10 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சோதனைச்சாலையில் அது சதுர மீட்டருக்கு மணிக்கு 500 கிராம் நீராவியைத் தள்ளிவிடும். பிரமாதம்!

இப்போது மொன்டானாவின் ஒரு மலையடிவாரம். நள்ளிரவு, 5 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு. சூட்டைத் தடுத்து வைப்பது உறக்கப் பையின் வேலை. அது ஒழுங்காக வேலை செய்தால் வெளியே இருக்கும் பிவி துணிக்குச் சூடு வராது. துணியும் காற்றைப் போலவே 5 டிகிரியில் இருக்கும். 5 டிகிரியில் நீராவியின் அழுத்தம் 872 பாஸ்கலைத் தாண்ட முடியாது, தாண்டினால் துளியாகிவிடும். வெளிக்காற்றில் ஏற்கெனவே 785 பாஸ்கல் இருக்கிறது. மிச்சம் 87. சோதனைச்சாலையில் இருந்ததில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. அதே துணி இப்போது சதுர மீட்டருக்கு மணிக்கு 13 கிராம்தான் விடும். அடிப்பக்கம் மூச்சு விடாது, மேல்பரப்பு 1.2 சதுர மீட்டர் என்றால் மணிக்கு 15 கிராம். உங்கள் தோல் மட்டுமே விடும் அளவு அது. தலையையும் உள்ளே இழுத்து, மூச்சையும் பைக்குள் விட்டால் மணிக்குப் பத்துப் பதினைந்து கிராம் தண்ணீர் மிஞ்சும்; அது உங்களோடுதான் படுத்திருக்கும்.

அதே 5 டிகிரியில் வயோமிங்கின் கிரேட் டிவைட் வடிநிலத்தில் படுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பெய்த மழை எந்தக் கடலுக்கும் போகாமல் அங்கேயே ஆவியாகிவிடும் வறண்ட வெளி அது. ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் வித்தியாசம் 523 பாஸ்கல், முன்னதைவிட ஆறு மடங்கு. உடம்பு விடுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வெளியேற்றும் திறன் அந்தத் துணிக்கு வந்துவிடுகிறது. காலையில் எழுந்தவர் இதைவிட நல்ல பை உலகத்தில் இல்லை என்பார். மொன்டானாவில் படுத்தவர் அதே பையைத் திட்டுவார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மழை பெய்யும்போது நிலைமை இன்னும் மோசம். வெளியே ஈரப்பதம் நூறை நெருங்கிவிடும். துணியின் வெளிப்புறத்தில் தண்ணீர் ஏடாகப் பரவி நிற்கும். வித்தியாசம் சுழியை நெருங்கும். மழைக்கென்றே வாங்கிய துணி, மழையன்றுதான் மூச்சு விடத் திணறுகிறது. வெப்பமான இடத்தில் கணக்கு வேறு மாதிரித் திரும்பும். 26 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் உள்ள கடலோர இரவில் வித்தியாசம் 336 பாஸ்கல். துளி படிவது குறைவாகவே இருக்கும். ஆனால் அந்தச் சூட்டில் பைக்குள் புகுந்து படுக்க மனிதரால் ஆகாது. கொசுவலையும் பாயும் போதும்.

இதுவரை துணியும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டோம். தெளிந்த வானத்தின் கீழ் அதுவும் உண்மையில்லை. இதைக் கண்டு சொன்னவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ். பனித்துளி வானத்திலிருந்து விழுகிறது என்று ஒரு கூட்டமும் மண்ணிலிருந்து எழுகிறது என்று ஒரு கூட்டமும் வாதாடிக்கொண்டிருந்த காலம். வெல்ஸ் எடை போட்ட கம்பளிப் பஞ்சுகளை இரவில் ஒரு தோட்டத்தில் வைத்தார். சிலவற்றை உயர்த்திவைத்த பலகையின் மேல், சிலவற்றை அதன் கீழ். காலையில் எடை பார்த்தால் வானத்தைப் பார்த்துக் கிடந்த பஞ்சு அதிகம் நனைந்திருந்தது, பலகையின் மறைவில் இருந்தது குறைவாக. திறந்த வானத்துக்குத் தன் சூட்டைக் கதிர்வீசி இழக்கும் பொருள் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, அந்தக் குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது என்று 1814இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். உடல்நலம் குன்றியிருந்தவர் இதற்காக இரவிரவாகப் பனியில் அலைந்தார் என்பது தனிச் செய்தி.

நம் மொன்டானா இரவில் பனிநிலை 3.5 டிகிரி. பையின் மேல்துணி காற்றைவிட இரண்டே டிகிரி குளிர்ந்தால் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். அப்போது வெளிப்புறத்திலும் பனி படியும், உட்புறத்திலும் படியும். ஆகவே எந்தப் பை என்பதற்கு முன்னால் எந்த இடம் என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு மரக்கிளை போதும், வெல்ஸின் பலகை வேலையைச் செய்துவிடும். குளிர்காற்று கனமானது, வழிந்து போய்ப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஓடையோரப் புல்வெளி படம் எடுக்க நன்றாக இருக்கும். படுக்க, அதிலிருந்து இருபது முப்பது மீட்டர் ஏறிப் போய்விடுவது நல்லது. டூர் டிவைட்காரர்கள் மழை இரவுகளில் வனமுகாம்களின் குழிக் கழிப்பறைக்குள் பாய் விரிப்பதைக் கேள்விப்பட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. கூரை, சுவர், உள்ளே ஓரளவு உலர்ந்த காற்று. வாசனையை விட்டுவிட்டால் இயற்பியல் அவர்கள் பக்கம்.

மூச்சைப் பைக்கு வெளியே விட வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும். முழுக்க மூடிக்கொண்டால் காற்றோட்டமும் கெடும். அதனால் தலைமாட்டுத் திறப்புதான் ஒரு பிவி பையின் முக்கியமான உறுப்பு என்பேன். துணியின் பெயர் அதற்குப் பிறகுதான். முகத்தின் மேல் விழாமல் வலையைத் தூக்கிப் பிடிக்க ஒரு சிறு வளையமோ, மரத்தில் கட்ட ஒரு கயிற்றுக் காதோ இருக்கிறதா? ஜிப் பக்கவாட்டில் நெஞ்சு வரை இறங்குகிறதா? மழையில் திறப்பின் மேல் ஒரு மடிப்பு விழுகிறதா? ஸ்காட்லாந்துப் பக்கம் போகிறவர்கள் வலையின் கண்ணளவையும் பார்க்க வேண்டும். அந்த ஊர் மிட்ஜ் பூச்சிக்குச் சாதாரணக் கொசுவலை ஒரு தடையே இல்லை.

வகைகள் என்று பார்த்தால் மூன்று. அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் பைகள் அவசரத்துக்கு, உயிர் காக்க. தினப்படித் தூக்கத்துக்கு ஆகாது, நீராவி எங்கும் போகாது. அடுத்தது மழையை முழுதாகத் தடுக்கும் சவ்வுத் துணிப் பைகள், 400 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை. பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய கோர்-டெக்ஸ் பைகள் உபரிச் சரக்குக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். முரட்டு உழைப்பு, முரட்டு எடை. மூன்றாவது, அடியில் நீர் புகாத நைலானும் மேலே மிக மெல்லிய காற்றுத்தடுப்புத் துணியுமாக 150 முதல் 250 கிராமுக்குள் தைத்தவை. இவை மழை தாங்காது. சாரலும் பனியும் தாங்கும், ஆவியைத் தாராளமாக விடும். மேலே ஒரு சிறு தார்ப்பாய் கட்டிக்கொள்ள வேண்டும்.

மெல்லிய பையும் தார்ப்பாயும் சேர்ந்தால் அரை கிலோ. சவ்வுப் பை ஒன்றின் எடைதான், ஆனால் மழையில் உட்கார்ந்து சமைக்கவும் பையைத் திறந்து வைத்துத் தூங்கவும் இடம் கிடைக்கிறது. நடைபயணிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். திறந்த விரிப்பு துணியாக இருக்க வேண்டியதுகூட இல்லை. 1955இல் 67 வயது எம்மா கேட்வுட் பாட்டி, அப்பலாச்சியன் நெடும்பாதையின் 3,300 கிலோமீட்டரைத் தனியாக நடந்து முடித்தபோது கூடாரத்துக்குப் பதில் அவரிடம் இருந்தது குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை. நாற்புறமும் திறந்திருந்தால் பிளாஸ்டிக்கும் மூச்சு விடும்.

எடையைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இன்று ஒருவர் படுக்கும் கூடாரங்களே அரை கிலோவுக்குக் கீழே வந்துவிட்டன, விலைதான் கண்ணைக் கட்டும். அதனால் எடை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக பிவி வாங்குவது பழைய நியாயம். சைக்கிள்காரர்களுக்கோ அது எப்போதுமே அரைகுறை நியாயம்தான். டூர் டிவைட் பாதையில் ஏறும் உயரங்களைக் கூட்டினால் 60,000 மீட்டர் வரை வரும் என்பார்கள். அரை கிலோவை அத்தனை உயரம் தூக்க ஏறக்குறைய 300 கிலோஜூல் வேலை. தசையின் செயல்திறனைக் கணக்கில் எடுத்தால் சாப்பாட்டில் சுமார் 300 கிலோகலோரி. ஒரு மசால் தோசை! சரளையில் உருளும் தடையைச் சேர்த்தால் இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு அவ்வளவுதான்.

உண்மையான ஆதாயம் வேறு இடத்தில். வளைந்த ஹேண்டில்பாரின் இரு கொம்புகளுக்கும் இடையே கிடைக்கும் இடம் 40 சென்டிமீட்டர் சொச்சம். பல கூடாரக் கம்புகள் மடித்தாலும் அதைவிட நீளம். பிவிக்கு அந்தத் தொல்லை இல்லை. நிறுத்திய ஐந்தாம் நிமிடம் தூங்கலாம். பேருந்து நிழற்குடை, தேவாலயத் தாழ்வாரம், பாறை இடுக்கு என்று ஆறடி நிலம் கிடைத்த இடமெல்லாம் படுக்கை. பாதையின் வடக்குப் பாதி கரடிக் காடு என்பதால் சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு படுக்கக் கூடாது.

அடிப்பக்கத்துக்குத்தான் அந்த முதல் எண், மில்லிமீட்டர் கணக்கு, உதவும். ஒரு மில்லிமீட்டர் நீர்த்தம்பம் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். 70 கிலோ ஆள் அரைச் சதுர மீட்டரில் பரவிப் படுத்தால் வெறும் 140 மி.மீ. அவரே ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தால், 30 சதுர சென்டிமீட்டரில் 35 கிலோ இறங்கி, 12,000 மி.மீட்டருக்கு அருகில் போய்விடும். 3,000 மி.மீ. தாங்கும் அடித்துணி சகதியில் போதுமா என்பதற்கு விடை, மெத்தை எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. மெத்தையைப் பைக்குள் வைத்தால் அழுத்தம் பரவும், புரண்டாலும் விலகாது, முள்ளும் குத்தாது. ஆனால் உள்சுற்றளவு வேண்டும். இறுக்கமான பைக்குள் தடித்த காற்று மெத்தையைத் திணித்தால் மேலே இறகு நசுங்கும். 50 கிராம் மிச்சம் பிடித்து உறக்கப் பையின் பாதிச் சூட்டைத் தொலைப்பது நல்ல வியாபாரமில்லை. மெத்தை, உறக்கப் பை, ஆள் மூன்றையும் உள்ளே போட்டுப் பார்க்காமல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கிய பின்? எந்தப் பையானாலும் ஈரம் கொஞ்சம் சேரும்; பகலில் வெயில் கண்டதும் உட்புறத்தை வெளியே திருப்பிக் காயப்போட வேண்டும். கால்மாட்டை முதலில் பாருங்கள், பெரும்பாலும் ஈரம் அங்கேதான் தொடங்குகிறது. சவ்வுத் துணியின் மேலுள்ள நீர்விலக்கிப் பூச்சு தேயத் தேயத் தண்ணீர் உருண்டோடாமல் பரவி நிற்கும், ஆவி வெளியேறுவதும் நிற்கும். பழைய பூச்சுகளில் இருந்த, நெடுங்காலம் அழியாத ஃப்ளோரின் சேர்மங்கள் சுற்றுச்சூழலில் சேர்வது தெரிந்த பிறகு, தொழிலே அவற்றை விட்டு விலகிவருகிறது. கோர் நிறுவனமும் 2022 முதல் பாலிஎத்திலீன் சவ்வுக்கு மாறத் தொடங்கியிருக்கிறது. ஃப்ளோரின் இல்லாத பூச்சுகள் நீரை விலக்கும், எண்ணெயை விலக்காது. தலைமாட்டில் முகத்தின் பிசுக்கு சீக்கிரம் ஏறிவிடும். ஆகவே புதுத் துணிப் பையை அடிக்கடி துவைக்க வேண்டும்: துணி மென்மையாக்கி சேர்க்காமல், இதற்கென்று விற்கும் திரவ சோப்பில், நன்றாக அலசி. லேபிள் அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். பூச்சு ஓரளவு உயிர் பெறும். ஒரு கை தண்ணீர் தெளித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.